கடலுக்கு முதுகைக் காட்டாதவர்

கடலை அறிந்தவர் என்றொரு இனம் உண்டு. ஐஸ்லாந்தின் தென்கரையில் எங்கள் ஊர்க் கறுப்பு மணலுக்கு வந்தீர்களானால் அவரைத் தேடவேண்டியதில்லை. அவரே உங்களைத் தேடி வருவார். பிறந்தது இங்கே என்பதால், அலைகள் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் கரையேறுகின்றன என்று அவருக்கு நினைப்பு. கார்க்கதவைக் காற்று பிய்த்துக்கொண்டு போகிற நாளிலும் கம்பளிச் சட்டைக்கு மேல் எதுவும் போடமாட்டார். மழைக்கோட்டு போட்டவர்களெல்லாம் வெளியூர்க்காரர்கள். கரையில் அபாய விளக்கு எரிகிறதா? அதுவும் வெளியூர்க்காரர்களுக்குத்தான்.

எங்களிடம் இருக்கும் அசல் சரக்கு ஸ்டெய்ன்தோர். மாலையானால் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டு, அன்று கடற்கரையில் பார்த்த அசடுகளைப் பற்றி ஆரம்பிப்பார். மணப்பெண்ணை அலையோரம் நிறுத்திப் படமெடுத்தவன், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பின்னால் பின்னால் நடந்தவன் என்று எத்தனை பேர் வந்தாலும் கதை ஒரே இடத்தில்தான் முடியும்.

"அந்தக் கடல் சாது மாதிரி இருக்கும்யா. சின்னச் சின்ன அலையா விட்டு ஆளை நம்ப வைக்கும். அப்புறம் ஒண்ணு வரும் பாரு! முதுகைக் காட்டினியோ, தொலைஞ்ச."

நாங்கள் தலையாட்டுவோம். இதமான வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு மறுத்துப் பேசத் தோன்றும்?

அவர் சொல்வது பொய்யுமில்லை. கயிறும் விளக்குமாக ஓடிப்போய் நாங்கள் தேடியவர்கள் உண்டு. எல்லாரும் கிடைத்துவிடவில்லை.

அதனால்தான் எங்கள் மீட்புக் குழு (ஓடத் தெரிந்த எல்லாரும் அதில் இருக்கிறோம்) ஒரு பெரிய பலகை வைக்க முடிவுசெய்தது. வாசகம்: 'கடலுக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதீர்கள்.' படத்துக்கு யார்? இதென்ன கேள்வி!

ஸ்டெய்ன்தோர் தாடியை வாரிக்கொண்டு வந்தார். கேமரா அவர் மனைவி தோர்டிஸ் கையில். காப்பிக் குடுவை என் கையில்.

"கடல் தெரியுதா?"

"உன் தொப்பைதான் தெரியுது. பின்னாடி போ. கடலுக்குள்ள நிக்கிற பூதக் கல்லு ரெண்டும் வரணும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் போ. என்ன, கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இளிக்கிற? எச்சரிக்கிற மூஞ்சி வேணும்."

"விரலை இன்னும் தூக்கு, ஸ்டெய்ன்தோர்" என்றேன் நான், என் பங்குக்கு.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட வெளியூர்ப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினாள். அவள் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. ஸ்டெய்ன்தோர் தூக்கிய விரலை அவள் பக்கம் திருப்பினார்.

"தள்ளிப் போம்மா! அலை வரும்!"

வந்தது.

முதலில் அவர் கால் போனது, பிறகு ஆளே போனார். திரும்புகிற தண்ணீர் மணலோடு சேர்த்து அவரை இழுத்தது. எழ முயன்றால் காலடியில் தரையே இல்லை. மனுஷன் போய்விட்டார் என்றே நினைத்தேன். குடுவையை எறிந்துவிட்டு ஓடினால், எனக்கு முன்னால் அந்த மஞ்சள் மழைக்கோட்டு அவருடைய கம்பளிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மூவரும் சேர்ந்து இழுத்தோம். சட்டை முழங்கால்வரை நீண்டது; நல்லவேளை, கிழியவில்லை. தோர்டிஸ் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுது முடித்துத் திட்டினாள்.

"பின்னாடி போன்னா போயிடுவியா? உனக்கா தெரிய வேணாமா?"

மாலை வழக்கம்போல் வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்தோம். அவரே ஆரம்பித்தார்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பொம்பள கத்தி என் கவனத்தைக் கலைச்சிட்டா."

தோர்டிஸின் கேமராவில் கடைசிப் படம் அருமையாக வந்திருந்தது: தூக்கிய விரல், கண்டிப்பான முகம், தலைக்குமேல் வெள்ளையாய் எழுந்து நிற்கும் அலை. அதையே பலகையில் போட்டோம். அலையோரம் நிற்பவர்களுக்குத் தெரியட்டும் என்று கடலைப் பார்த்து நட்டோம்.

இப்போது ஜனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அதை வாசிக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் விரலைத் தூக்கியபடி நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்டால் ஸ்டெய்ன்தோரே எடுத்துக் கொடுக்கிறார். முழுப் பலகையும் படத்தில் வரவேண்டுமே, அதனால் பின்னால் பின்னால் நடந்து எடுக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பலகை நட்ட அன்று நாங்கள் அத்தனை பேரும் அதன் எதிரே வரிசையாக நின்று கைதட்டினோம். மஞ்சள் மழைக்கோட்டு யாரும் பக்கத்தில் இல்லை. போகட்டும், நீங்கள் கடைசியாக ஒருவருக்குப் புத்தி சொன்னீர்களே, அப்போது உங்கள் முதுகு எந்தப் பக்கம் இருந்தது?