மூன்றாம் லயத்துத் தாங்கி வியாழன் ஆனது

சூரியக் குடும்பம் தோன்றி நானூற்று அறுபது கோடி ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். அது முதன்முறையாக ஒழுங்காக வரிசையில் நின்றது சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில்.

பெருமை நிர்வாகத்தையே சேரும். சுற்றுலாப் பயணிகள் தேயிலையைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்; இனி "விண்வெளிப் பூங்கா" என்று கூட்டத்தில் முடிவாயிற்று. சூரியனாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா ஏகமனதாகத் தெரிவானது. எல்லாம் அதைச் சுற்றித்தானே. செவ்வாய்க்குத் தீயணைக்கும் சிவப்பு வாளி. சனிக்கு டிராக்டர் டயர் மாட்டிய அண்டா. யுரேனஸ் படுத்துக்கொண்டே உருளும் கிரகம் என்பதால், ஸ்டோர் வாசலில் சாய்ந்து கிடந்த பீப்பாயை யாரும் நிமிர்த்தவில்லை.

வியாழனுக்குத்தான் போதிய பருமனில் எதுவும் அகப்படவில்லை. அந்த வாரம் பார்த்து, தொழிலாளர் குடியிருக்கும் மூன்றாம் லயத்துக்கான தண்ணீர்த் தாங்கி லொறியில் வந்து இறங்கியது.

கொழுந்து பறிக்கும் அழகம்மா அந்தத் தாங்கிக்காக நான்கு வருடம் மனுக் கொடுத்தவள். கிரகம் என்றால் உருண்டை, தாங்கி மேலும் கீழும் தட்டை என்று அவள் ஆட்சேபித்தாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பொன்னையா புத்தகத்தைப் புரட்டி, வியாழனும் துருவங்களில் சற்றுத் தட்டைதான் என்று தீர்ப்பளித்தார். பட்டை பட்டையாக வர்ணம் பூசி, ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தார்கள். மனுக் கொடுத்த "கௌரவத்துக்காக", பக்கத்தில் நின்று, தாளில் எழுதித் தந்த விளக்கத்தைச் சொல்லும் பணி அழகம்மாவுக்கே கிடைத்தது.

"விருந்தாளி வந்துட்டுப் போனதும் டேங்கிய எங்க லயத்துக்குக் குடுத்துருவீங்கல்ல, கண்டாக்கையா?"

"தாள்ல உள்ளத பிசகாம ஒப்பி. தொரைகிட்ட பேசுறேன்."

பெரட்டில் கண்டாக்கு கிரகங்களுக்குப் பேர் கூப்பிட்டார். வெள்ளிக்கு நின்ற ஜீவராணி தன் பாடத்தை ஒப்பித்தாள்: வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்குள் அதன் வருடமே முடிந்துவிடும். கண்டாக்கின் பென்சில் நின்றது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் சம்பளம், வேலை குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டத்துச் சட்டம்.

"வருசம் முடிஞ்சும் ஒரு சுத்து முடியலியா?"

"முடியலிங்க."

வெள்ளிக்கு அரைப்பேர் விழுந்தது.

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து சுற்றுலா அதிகாரி அம்மையார் வந்தார். புதனை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். சனியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார். வியாழனிடம் வந்தபோது அழகம்மா ஒரு சொல் பிசகவில்லை. கிரகங்களில் இதுவே பெரியது. முழுக்க வாயு, காலூன்ற நிலம் கிடையாது. சிவப்புப் பொட்டு ஒரு புயல். நூற்றுக்கணக்கான வருடங்களாக ஓயவில்லை.

அங்கே மனிதர் வாழ முடியுமா என்று அம்மையார் சிங்களத்தில் கேட்டார். கண்டாக்கு அதைத் தமிழில் சொன்னார். தாளில் விடை இல்லை. அழகம்மா தாங்கியைத் தட்டிப் பார்த்தாள். வெற்றுச் சத்தம் கேட்டது.

"சொந்தமா நெலம் இல்ல. தண்ணி இல்ல. காத்தடிச்சா கூரை பறக்கும். ஆனா இருக்கலாங்க. நாங்க எரநூறு வருசமா இருக்கோம்ல."

கண்டாக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்துக்கு மாற்றினார்: "தாராளமாக வாழலாமாம், மேடம்."

அம்மையார் கைதட்டினார். இத்தனை சிறந்த வியாழனை இனி ஒருபோதும் இடம் மாற்றுவதில்லை என்று துரை அங்கேயே அறிவித்தார்.

அழகம்மா வெறுங்குடத்தோடு, ஊற்றுநீர் விழும் பீலிக்கு இறங்கினாள். மறுநாள் காலை வியாழனின் பலகையில், மூன்று மொழிகளிலும், ஒரு வரி கூடியிருந்தது:

"இக்கிரகத்தில் மக்கள் வசிக்கின்றனர். அவர்கள் தண்ணீர் கேட்டதாகத் தகவல் இல்லை."