மெஷ் வைஃபையும் பிரான்ஸ் சம்பந்தமும்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. நான் ஒரு தனியார் கம்பெனியில் பில்லைப் பார்த்து எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. (யாருக்குத்தான் வரும்?)

அப்போது என் தங்கை கவிதாவுக்கு பிரான்ஸிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. (பிரெஞ்சு சிப்பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) குடும்பமே அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. நெட் கம்பெனிக்காரர்கள் வைத்த மோடம் வாசல் ஹாலில் இருந்தது. நாங்கள் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்ததோ கடைசி அறைக்கு. அங்கே வைஃபை எட்டாது.

“ஹால்லயே உக்காரட்டுமே” என்றார் அப்பா.

“இன்னா பேசுற நீ? வாசல்ல மீன்காரம்மா கூவுறது பாரிஸ் வரைக்கும் கேக்கணுமா?” என்றாள் அம்மா.

நான் களத்தில் குதித்தேன். “மெஷ் வைஃபை போட்டுடலாம்மா. மூணு டப்பா. ஒண்ண மோடத்துல சொருகிட்டு, மத்த ரெண்டையும் உள்ள தள்ளித் தள்ளி வச்சா கடைசி ரூம் வரைக்கும் சிக்னல் போவும்.”

“கம்பெனி ஆள கூப்புடேன்டா” என்றார் அப்பா.

“எதுக்குப்பா? அதான் நான் இருக்கேன்ல.”

ஞாயிறு காலை டப்பாக்களைப் பிரித்தேன். கூட வந்த கையேட்டைப் பிரிக்கவில்லை. (அதெல்லாம் தெரியாதவர்கள் படிப்பது.) ஹாலில் ஒன்று, ஃப்ரிட்ஜ் தலையில் ஒன்று, கடைசி அறையில் ஒன்று. மூன்றிலும் பச்சை லைட் எரிந்தது. அம்மா கற்பூரம் காட்டாததுதான் குறை.

ஆனால் மோடத்தின் பழைய வைஃபையும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் போனில் எதையும் மாற்ற வேண்டாமே என்று, புது வைஃபைக்கும் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்திருந்தேன். போன்கள் குழம்பிப் போயின. கடைசி அறைக்குக் கொண்டுபோனாலும் ஹால் மோடத்தையே கட்டிக்கொண்டு அழுதன.

அதோடு விட்டிருக்கலாம். மோடம் செட்டிங்ஸில் ‘பிரிட்ஜ் மோட்’ என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் மோடம் வாயை மூடிக்கொள்ளும், மற்றதை மெஷ் டப்பா பார்த்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். போட்டேன். மோடம் வாயை மூடிக்கொண்டது. இன்டர்நெட்டும் சேர்ந்து மூடிக்கொண்டது. இனிமேல் கம்பெனி கொடுத்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் மெஷ் டப்பாவில் போட வேண்டுமாம். அவை மோடத்துக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. அம்மாவின் புடவையிலிருந்த ஊக்கை வாங்கி, மோடத்தின் முதுகிலிருந்த சின்ன ஓட்டையில் குத்தி ரீசெட் செய்தேன். இப்போது யூசர்நேமும் பாஸ்வேர்டும் மோடத்துக்கும் தெரியாது.

கம்பெனிக்கு போன் போட்டேன். நிறைய பாட்டு கேட்டேன். கடைசியில் ஒரு பெண், “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை சார், நாளைக்குத்தான் ஆள் வருவாங்க” என்றாள்.

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நின்ற கவிதா, “அண்ணா, நீ எனக்கு மாப்ள பாக்குறியா, வர்றவன வெரட்டுறியா?” என்றாள்.

வேறு வழியில்லாமல் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஜன்னலில் வைத்து, லேப்டாப்பை அதில் சேர்த்தேன். சிக்னல் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. கால் வந்தது. அம்மா பச்சையை அழுத்தினாள். திரை கறுப்பாக இருந்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சத்தமே இல்லை.

“கனெக்ட் ஆவல” என்று நிபுணனாகத் தீர்ப்பு சொன்னேன்.

கனெக்ட் ஆகியிருந்தது. அவர்கள்தான் எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அவர்களுக்கு முகமும் குரலுமாக நன்றாகவே போய்க்கொண்டிருந்தோம். அதிலும் அப்பா, மில்லில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர்.

அம்மா ஆரம்பித்தாள். “பையனுக்கு முடி இருக்குதாடா? எல்லா போட்டோலயும் தொப்பி போட்டுனுகிறான்.”

“முடிய விடும்மா. அவங்க அம்மா போன்ல பேசுனத கேட்டியா? பெரிய துரைசானின்னு நெனப்பு” என்றேன் நான்.

“சொல்தா வீட்டுல தெனம் ஒயினு குடிப்பாங்களாம். வர்றப்போ நமக்கு ஒரு பாட்டில் எடுத்துனு வருவாங்களா?” என்றார் அப்பா.

“புடிக்கலன்னா நான் தலைய சொறிவேன். சிக்னல் போச்சுன்னு கட் பண்ணிடுண்ணா” என்றாள் கவிதா.

லேப்டாப் கரகரத்தது. திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவிலிருந்த பையன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினான்.

“இருக்குதுங்க. முன்னாடி மட்டும் கொஞ்சம் கம்மி.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பையனின் அம்மா கண்ணாடியைச் சரிசெய்தார். “பொன்ழூர், வணக்கம். துரைசானிதான் பேசுறேன். கேக்குதுங்களா?”

நான் மேஜைக்குக் கீழே இல்லாத ஒயரைத் தேட உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே இல்லை. கீழேயிருந்து கவிதாவின் கைகள் தெரிந்தன. இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். பூ குத்தி உச்சந்தலை அப்படி அரித்ததாம். கடைசிவரை கையைத் தூக்கவில்லை.

அதுவரை வாயே திறக்காத சொல்தா தொண்டையைக் கனைத்தார். வரன் போச்சு என்று நினைத்தேன்.

“ஒரு பாட்டில் இன்னாத்துக்கு? ரெண்டா எடுத்துனு வரேன், சம்மந்தி.”

சம்மந்தி என்று சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? அடுத்து வந்த தையிலேயே கல்யாணம் முடிந்தது. மோடத்துக்கு, அந்த ஞாயிறுக்கு மறுநாளே கம்பெனி ஆள் வந்து உயிர் கொடுத்திருந்தார். அன்றைக்கே கவிதா கையேட்டைப் படித்து, பத்தே நிமிஷத்தில் மெஷ்ஷைச் சரிசெய்தாள். என்னை ஃப்ரிட்ஜ் பக்கம்கூட விடவில்லை.

இன்றைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் போனை எடுத்தால் யாரும் ஹலோ சொல்வதில்லை. போன வாரம் கவிதாவின் மாமியாருக்கு ஒரு சந்தேகம் கேட்கப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்து குரல் வந்தது.

“கேக்குது. பாத்துப் பேசு.”