துரை வண்டியின் வாயை அடைத்த கதை

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு பொருளைத்தான் முழுதாகப் பழுது பார்த்திருக்கிறேன். அதற்காக இன்றுவரை என்னை யாரும் மன்னிக்கவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் என் மனைவி ஓடிவந்து குறடு, சுத்தியலையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள். ("ஒழுகட்டும், விடுங்க. நீங்க கைய வச்சு அது நல்லாயிருச்சுன்னா என்னா பண்றது?")

இது நடந்தது மலாயாவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். எனக்கு இருபத்திரண்டு வயது. பீடோர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, காம்பாருக்கு அருகில் இருந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் ஆலையில் இஞ்சின் பார்க்கிற வேலை. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் அதைக் கிளப்பி, நாளெல்லாம் எண்ணெய் ஊற்றி, சாயங்காலம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என்னைக் கேட்டால், ஈப்போவுக்குத் தெற்கே என்னைப் போல இயந்திரம் தெரிந்தவன் கிடையாது என்று சொல்லியிருப்பேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

என்னை அந்தத் தோட்டத்துக்கு வரவழைத்தவர் என் தாய்மாமன் முனியாண்டி கங்காணி. எழுபது பேர் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கறுப்புக் கோட்டு, சிவப்புத் தலைப்பாகை, கையில் பிரம்பு. அவர் மகள் அஞ்சலையைத் தை மாதம் எனக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு. ஆனால் மாமாவுக்கு என்மேல் ஒரு குறை இருந்தது. "எண்ணெ ஊத்துற பயலுக்குப் பொண்ணக் குடுத்தான்னு நாலு பேரு சிரிப்பானுங்க" என்று அவர் கள்ளுக்கடையில் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. அவர் மூக்கின்மேல் விரல் வைக்கும்படி ஒரு காரியம் செய்துகாட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர் உட்காரும் வண்டி. பின்னால் மூடியைத் தூக்கினால் மூன்றாவது ஆள் சுருண்டு உட்கார ஒரு குழி இருக்கும். பார்க்க ராஜா மாதிரி இருந்த அந்த வண்டிக்குக் குரல் மட்டும் சரியில்லை. பிரேக்கை மிதித்தால் பன்றியை அறுக்கிற மாதிரி ஒரு கிறீச்சல். பங்களா மேட்டிலிருந்து இறங்கும் செம்மண் பாதை ஒரு வளைவில் திரும்பி, பால் மரங்கள் நிற்கும் வெட்டுக்காட்டுக்குள் நுழையும். துரை அந்த வளைவில் பிரேக் போட்டால் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் குரைக்கும். ஈப்போவில் ஒரு பட்டறையில் இரண்டு தரம் விட்டு எடுத்தும் பயனில்லை. கிளப்பில் மற்றத் துரைமார் கேலி செய்கிறார்களாம்.

ஒருநாள் ஆலைக்கு வந்தவர் வண்டியை ஓர் உதை உதைத்து, "இந்தச் சனியன் சத்தம் யாராலயும் நிறுத்த முடியல" என்றார். (எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.)

"நான் பாக்குறேன் தொரை" என்றேன். கார் ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை அதுவரை.

செய்தி அன்று மாலையே நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பரவியது. எல்லோரும் மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்து, தலைக்கு எண்ணெய் தடவி வாசலில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களின் முகம் எதுவும் சரியில்லை. பால் வெட்டும் ஓர் அண்ணன், "தம்பி, அது பழைய வண்டி, கத்திக்கிட்டே கெடக்கட்டும்" என்றார். இன்னொருவர், "நல்லாத்தானே கத்துது?" என்றார். மாமாவே தேடி வந்தார். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேச்செடுத்தார்.

"விடுலா மாப்ள. ஒனக்கு எதுக்கு வெள்ளக்காரன் வண்டி?"

"பாருங்க மாமா, எப்படிச் செய்றேன்னு."

"அதான் பயமா இருக்கு" என்று முனகிவிட்டுப் போனார். குழாயடியில் அஞ்சலைகூட, "சொன்னாக் கேளுங்க, அந்தப் பிரேக்கத் தொடாதீங்க" என்று கண்கலங்கக் கேட்டுக்கொண்டாள். எனக்கு ஏதாவது அடிபட்டுவிடுமோ என்று பதறுகிறாள் என நினைத்து, அன்றிரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மற்றவர்கள் சொன்னதெல்லாம் பொறாமை என்று ஒதுக்கிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

முதல் நாள், மாட்டு வண்டியை மனத்தில் வைத்துச் சக்கரத்தின் அச்சுக்கு மசகு போட்டேன். துரை மிதித்தார். கிறீச். இரண்டாம் நாள், ஆலை இஞ்சினை மனத்தில் வைத்துப் பிரேக்குக்கே தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. வண்டிதான் நிற்கவில்லை. துரை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே போய், பங்களாக் கோழிக்கூட்டை இரண்டாகப் பிளந்து, மேல்சட்டையெல்லாம் இறகுடன் இறங்கி வந்தார். "நாளைக்கு ஒருநாள்தான். முடியலன்னா நீ பீடோருக்கே போ" என்றார்.

மூன்றாம் நாள் பயத்தில் புத்தி வந்தது. சக்கரங்களைக் கழற்றினேன். உள்ளே, சக்கரத்தோடு சுழலும் டிரம் முழுக்கச் செம்மண் தூளும் என் தேங்காய் எண்ணெயும் களியாகக் கிடந்தன. பெட்ரோல் விட்டுக் கழுவினேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் பட்டை, தேய்ந்து தேய்ந்து கண்ணாடி போலப் பளபளத்தது. அதைப் பிடித்திருந்த ரிவெட்டு ஆணிகளில் இரண்டு தளர்ந்து ஆடின. ஆணிகளை அடித்து இறுக்கினேன். எண்ணெய் ஊறிய மேல்தோல் போகும்வரை பட்டையை உப்புத்தாளால் தேய்த்தேன். அதன் முன்னோரம் கத்தி விளிம்பு போல டிரம்மில் குத்துவதைப் பார்த்து, அரத்தால் சரிவாகச் சீவிவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. என் தலையில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணி. துரை என்னைப் பின்குழியில் ஏறச் சொல்லி வண்டியைக் கிளப்பினார். வழக்கம்போல இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டார். மேட்டிலிருந்து உருண்டு இறங்கினோம். வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தார். ஒரு சத்தமும் இல்லை. வண்டி தண்ணீரில் நழுவுகிற வாத்து மாதிரி திரும்பி வெட்டுக்காட்டுக்குள் நுழைந்தது. மாமா எங்காவது நின்று இதைப் பார்க்க மாட்டாரா என்று குழியிலிருந்து தலையை நீட்டித் தேடினேன்.

மாமா இருந்தார். படுத்திருந்தார்.

கோட்டு ஒரு கிளையில் தொங்கியது. தலைப்பாகை தலைக்கடியில். குறட்டையில் மீசை ஏறி இறங்கியது. கொஞ்சம் தள்ளி நாலு பெண்கள் வெற்றிலை போட்டபடி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அண்ணன்மார் மண்ணில் கட்டம் கீறித் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமும் இஞ்சின் இரைச்சலுக்குள்ளேயே கிடந்த எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. அந்தக் கிறீச்சல் இருக்கிற தைரியத்தில்தான் எழுபது பேரும் இடுப்பைச் சாய்த்தார்கள். வருங்கால மருமகனிடம், "நான் தூங்குவேன், அது கத்தினால் எழுந்துகொள்வேன்" என்று எந்தக் கங்காணி வாய்விட்டுச் சொல்லுவார்?

ஓர் இருமல் இருமியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. துரை இறங்கி, நானும் பின்னால் வர, பூனை போல நடந்துபோய், கைத்தடியால் மாமாவின் உள்ளங்காலைத் தொட்டார்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "ஏன்டா எழுப்புற? பிரேக்குதான் இன்னும் கத்தலியே. கத்துனா எந்திரிக்கிறேன், போடா."

துரைக்குத் தமிழ் தெரியும் என்று சொன்னேன் அல்லவா?

அவர் கத்தவில்லை. அந்தத் தமிழை மெதுவாக மென்று முழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா நான் எங்க போனாலும் எல்லாரும் நல்லா வேலை செய்யிறாங்க. இப்பத்தான் காரணம் தெரியுது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். என் கை துரையின் கைக்குள் இருந்ததைத்தான் முதலில் பார்த்தார்.

மறுநாள் விடிகாலை ஆள் எண்ணும் பெரட்டில், அத்தனை பேரும் வரிசையாக நிற்கும்போது, துரை என் தோளில் கை போட்டு, "இந்தத் தோட்டத்துல ஒரே ஒரு நல்ல ஆள்தான் இருக்கு" என்று அறிவித்தார். நான் செத்தேன். மாமாவின் பிரம்பைப் பிடுங்கி, அவரை லாலாங் புல் வெட்டுகிற கூட்டத்துக்கு அனுப்பினார். மானம் விடவில்லை, மாமா கோட்டு போட்டுக்கொண்டே புல் வெட்டினார். என்னை ஆலையிலிருந்து எடுத்துக் கார் துடைக்கிற வேலையில் போட்டு, தினமும் பின்குழியில் உட்காரவைத்து ஊர்வலம் போனார் துரை. நான் எட்டிப் பார்த்தாலே காறித் துப்பினார்கள். கடையில் எனக்கு டீ கிடைக்கவில்லை. கல்யாணப் பேச்சு நின்றுபோனது. "அந்த வண்டி மறுபடி கத்துற அன்னிக்குத்தான் அவனுக்குப் பொண்ணு" என்று மாமா சொல்லியனுப்பினார்.

கத்தவைக்க நான் என்னவெல்லாம் செய்யவில்லை! டிரம்முக்குள் செம்மண்ணை அள்ளிப் போட்டேன். ரிவெட்டைத் தளர்த்தினேன். உமி, கரி, உடைந்த கண்ணாடித் தூள். வண்டி சத்தமில்லாமல் நின்றது. ஈப்போப் பட்டறையே தோற்ற காரியத்தை அவ்வளவு உருப்படியாகச் செய்து தொலைத்திருந்தேன். கொட்டகையில் அந்தச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு, "ஒரே ஒரு தரம் கத்திரும்மா" என்று நிஜமாகவே அழுதேன். தை பிறக்க மூன்று வாரம் இருந்தது.

அஞ்சலைதான் கடைசியில் வழி சொன்னாள். குழாயடியில், என்னைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டிக்குத்தான் வாய் போச்சு. ஒங்களுக்கு இருக்குல்ல?"

மறுநாள் வளைவு வந்ததும் இருமினேன். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து, மரத்தில் இருந்த காக்கையெல்லாம் கிளம்புகிற இருமல். முதல் நாள் யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் நாள் புரிந்துவிட்டது. நாங்கள் உள்ளே நுழையும்போது பேன் பார்த்தவர்கள் மரம் பார்த்தார்கள், தாயக்கட்டை மடிக்குள் போனது.

துரை நல்ல மனிதர், அதுதான் வினை. எனக்கு நெஞ்சு வியாதி என்று பயந்து, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் தட்டினார்.

"உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, நெஞ்சு நல்லாய்த்தான் இருக்கு. எப்பவெல்லாம் இருமல் வருது, சொல்லும்?"

"வளைவுல, ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் சேதி தெரியும். ஆனால் துரை கதவருகே நின்றார். "கசப்பு மருந்து தாறன். காலமையும் பின்னேரமும், துரைக்கு முன்னால குடியும்" என்றார். இரண்டு வருஷம் குடித்தேன். வேப்பெண்ணெய் அதற்குப் பக்கத்தில் தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் ஒருவரும் தூங்கிப் பிடிபடாததால், தோட்டம் திருந்திவிட்டதென்று துரை முடிவுகட்டினார். மாமாவுக்குப் பிரம்பு திரும்பக் கிடைத்தது. தை கடைசியில் கல்யாணம். தாலி கட்டக் குனிந்தபோது மாமா என் காதில், "வண்டி கத்தலதான். நீ நல்லாக் கத்துற, போதும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (கசப்பு மருந்தும் ஒரு காரணம்.)

துரை சீமைக்குத் திரும்பிப் போனார், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், மாமாவும் போய்விட்டார். நாங்கள் ஈப்போவுக்கு வந்து வருஷம் பல ஆகிறது. இருமல் மட்டும் என்னை விடவில்லை. வாசற்கேட்டில் கை வைத்தாலே தானாக வரும். உள்ளே உடனே ரேடியோ நிற்கும், பேரப்பிள்ளைகள் சீட்டுக்கட்டை ஒளித்துப் புத்தகத்தை விரிப்பார்கள். "தொரை வாராரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

போன மாதம் எனக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டரிடம் போய்விட்டு, இருமல்கூட வராமல் வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறையில் அஞ்சலை, சர்க்கரை வியாதிக்காரி, ஒரு கையில் லட்டு, மறு கையில் இன்னொரு லட்டு. என்னைப் பார்த்ததும் விக்கித்து நின்றவள், வாயில் இருந்ததை முழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"சத்தமில்லாம வந்தா என்னாங்க அர்த்தம்? எங்கப்பாவக் கெடுத்தது பத்தாதா?"

நான் வாசலுக்குத் திரும்பிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, முடிந்தவரை ஒரு தரம் இருமிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி உள்ளே வந்தேன்.