ஆயில் கம்பியில் வெள்ளி

அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தபோது, பலவேசம் தன் லாரி இன்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கிற ஆயில் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான். கறுத்த எண்ணெயில் பொடிப்பொடியாக வெள்ளி மின்னியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை துடைத்து விட்டுப் பார்த்தான். இப்போது கொஞ்சம் கூடுதலாகவே மின்னியது.

லாரி அவன் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய வண்டிதான். மீசை முளைத்த நாளிலிருந்து அடுத்தவர் வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தவன் சொந்தமாக ஒன்று வாங்கியதற்கு ஒரே காரணம் அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி. அவள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு மத்தாப்பு யூனிட்டில் வேலை பார்த்தாள். எங்கேயாவது வெடி விபத்து என்று காதில் விழுந்தால் போதும், பலவேசத்துக்கு அதற்கு மேல் வண்டி ஓடாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவளுக்குப் போன் மேல் போன் போடுவான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது வீட்டு அலமாரியில்தான் அடித்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் போடுவான்.

"இந்தச் சீசன் மட்டும் வண்டி ஓடட்டும் புள்ள. தீபாவளி முடிஞ்சதும் நீ பட்டாசு மருந்து வேலைய விட்டுரு" என்று சொல்லியிருந்தான். மாரிச்செல்வி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அவன் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்ததும், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அவள்தான். துடைக்கத் துணி வேண்டுமே என்று தன் பழைய சேலைத் துண்டுகள் நாலைந்தைச் சீட்டுக்கு அடியில் செருகி வைத்ததும் அவள்தான்.

பலவேசம் விருதுநகர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்லப்பாண்டிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ஆயில்ல வெள்ளி மின்னுதுண்ணே."

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அதிலேயே பலவேசத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கருப்பா இருந்தாச் சொல்லு, பயமில்ல. டீசல் வண்டியில ஊத்துன மறுநாளே ஆயில் கருத்துரும். வெள்ளி மின்னுச்சுன்னா உள்ள பேரிங் தேயுதுன்னு அர்த்தம்."

"தேஞ்சா?"

"தேஞ்சா இன்ஜின இறக்கணும். கொண்டா, பாப்போம்."

ஒர்க்‌ஷாப்பில் செல்லப்பாண்டி கம்பியை உருவினார். அங்கே கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்தார். உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"எங்கலே வெள்ளி?"

"இருந்துச்சுண்ணே. சத்தியமா."

"வெயில்ல நின்னா எல்லாந்தான் மின்னும். போ, போய்ப் பொழப்பப் பாரு."

"சரிண்ணே, ஆயில் எப்ப மாத்தணும்?"

"பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். பழைய வண்டிதானன்னு மனசு கெடந்து அடிச்சா அஞ்சாயிரத்துல மாத்து. இனி இதப் பத்தி வேற யாருகிட்டயும் கேக்காத."

அந்தக் கடைசிப் பேச்சைத்தான் பலவேசம் காதில் வாங்கவில்லை. அவனிடம் அப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால், ஊரில் வாய் இருக்கிற எல்லோரிடமும் கேட்டுவிடுவான்.

டீக்கடையில் ஒரு டிரைவர் சொன்னார்: "மாத்தவே வேண்டாம்யா. கொறைஞ்சா ஊத்து, அம்புட்டுத்தான். மாத்தச் சொல்றதெல்லாம் ஆயில் கம்பெனிக்காரன் பொழைக்கிறதுக்கு."

ஆயில் கடைக்காரர் சொன்னார்: "எம்புட்டு சீக்கிரம் மாத்துறீகளோ அம்புட்டு நல்லது."

விருதுநகரில் வத்தல் மூடை இறக்கப் போன இடத்தில் மண்டி முதலாளியையும் விடவில்லை. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்ல வடை சுட்ட எண்ணெய மறுநாள் அடுப்புல ஏத்த விடமாட்டேன். ஒங்க வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

பலவேசத்துக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். அப்போதுதான் அவனுக்கு இன்னொன்றும் உறைத்தது. செல்லப்பாண்டியண்ணன் துடைத்தது அழுக்குப் பிடித்த பனியன் வேஸ்ட்டு. அழுக்கில் துடைத்தால் வெள்ளி எப்படித் தெரியும்? நல்ல துணியில் துடைத்துப் பார்த்தால்தானே வண்டவாளம் தெரியும்.

சாயங்காலம் மாரிச்செல்வி வேலை விட்டு வந்தாள். வந்தால் முதலில் குளிக்கத்தான் போவாள். தேய் தேயென்று தேய்த்துக் குளித்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

"நல்ல துணியா ஒண்ணு குடு புள்ள. மெத்துன்னு, சுத்தமா."

"சீட்டுக்கடியில வச்சது என்னாச்சு?"

"எல்லாம் கிரீஸாப் போச்சு."

"வண்டியில எதுவும் கோளாறா?"

"கோளாறா? ராசா கணக்கா ஓடுது."

அவளிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அவளும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு ஒன்றை உருவிக் கொடுத்தாள். நீலச் சேலையில் கிழித்தது. துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் துணியால் துடைத்து, கம்பியை விட்டு எடுத்தான். நுனியிலிருந்து மேல்கோடு வரை ஒரே வெள்ளி.

பலவேசத்துக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே ஆயிலை இறக்கினான். ஃபில்டரை மாற்றினான். எண்ணெய் ஊற்றும் புனலைக்கூட அந்த நல்ல துணியால் உள்ளும் வெளியும் துடைத்துவிட்டுத்தான் வைத்தான். புது ஆயில் தேன் மாதிரி இறங்கியது. ஒரு நடை போய்விட்டு வந்து, துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தான். மின்னியது.

அதற்கப்புறம் அவனுக்குக் கிலோமீட்டர் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. மின்னினால் மாற்றுவான், மாற்றினால் பார்ப்பான், பார்த்தால் மின்னும். மனசு அடங்காமல் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கம்பியை உருவினான். உருவ உருவ வெள்ளி கூடியது. ஆயில் கடைக்காரர் அவனுக்கென்று தனி நாற்காலி போட்டார். டீ வாங்கிக் கொடுத்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்கீகளா?" என்று விசாரிக்கும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டார்.

கொடியில் காய்ந்த துண்டுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"இருக்கிற துணியெல்லாம் நீங்களே கொண்டு போயிட்டா எனக்கு வேண்டாமா?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

"நீ வேற கிழிச்சுக்க புள்ள. வண்டி சுத்தமா இருக்கணும்ல."

அவளுக்கும் பெருமைதான். வண்டியை இந்த மனுஷன் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார் என்று கம்பெனியில் கூட வேலை பார்க்கும் வெள்ளைத்தாயிடம் சொல்லிக்கொண்டாள்.

மாரிச்செல்வியின் அண்ணன் சங்கரபாண்டியன் சொந்தமாக லாரிகள் ஓட்டுபவர். அவரிடம் மட்டும் பலவேசம் விஷயத்தைச் சொன்னான், தங்கச்சி காதுக்குப் போகக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு.

"கெழட்டு இன்ஜினுக்குத் தண்ணி ஆயில் ஊத்துனா அப்படித்தான் மாப்ள தேயும். கெட்டி ஆயிலா ஊத்து" என்றார் மச்சான்.

கெட்டி ஆயில் ஊற்றினான். காலையில் வண்டி எழுந்திருக்க மாட்டேன் என்றது. எழுந்தால் புகை. தெருவில் வற்றல் போட்டிருந்த பெண்கள் அவன் சாவியைக் கையில் எடுத்தாலே முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வெள்ளி மட்டும் போகவில்லை. கெட்டி ஆயிலில் அது மிதந்து இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கெட்டியை இறக்கிவிட்டுப் பழையபடி ஊற்றினான். திறந்து மூடி, திறந்து மூடி, அடியில் ஆயில் இறக்குகிற போல்ட்டுக்கு மரை தேய்ந்துவிட்டது. சொட்டு சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. அட்டைப்பெட்டிக் கம்பெனி வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"எண்ணெய் ஒழுகுற வண்டிய உள்ள விடச் சொல்றீகளா? உள்ள பூரா பேப்பரு, பக்கத்துல பட்டாசு. எனக்கு வேலை போயிரும்ணே."

"துணி கட்டிருக்கேன்யா."

"போயிருங்கண்ணே."

தீபாவளி நெருங்க நெருங்க ஊரே லோடு லோடு என்று ஆளாய்ப் பறந்தது. அவன் ஆர்டர் வேறு வண்டிக்குப் போயிற்று. பலவேசம் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தான். ஓடினால்தானே தேயும். ஓட்டவே வேண்டாம்.

காலையில் "லோடுக்குப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். திருத்தங்கலைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில், கருவேல மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, மாரிச்செல்வி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பொழுது போகாது. போய்க் கம்பியை உருவிப் பார்ப்பான். மின்னும். சோறு தின்றுவிட்டுப் பார்ப்பான். அப்போதும் மின்னும்.

"அண்ணே, நிக்கிற வண்டிக்கும் வெள்ளி கூடுதுண்ணே" என்றான் செல்லப்பாண்டியிடம் போனில்.

"நிக்கிற வண்டி தேயுதா? ஏலே, நீதான் தேஞ்சு போவ போலிருக்கு. கொண்டா இங்கன."

இந்தத் தடவை பலவேசம் அவரைப் பனியன் வேஸ்ட்டைத் தொட விடவில்லை. தன் பையிலிருந்து நல்ல துணியை எடுத்து, தானே துடைத்து, தானே விட்டு, எடுத்துக் காட்டினான். செல்லப்பாண்டி கம்பியைப் பார்த்தார். எண்ணெயைத் தொட்டு இரண்டு விரலில் தேய்த்தார். விரல் இரண்டும் வெள்ளியாக மின்னின. பக்கத்தில் கிடந்த டயர் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு எந்த இன்ஜினும் இப்படித் தேஞ்சு நான் பாத்ததில்ல. உள்ள இரும்பு மிச்சமிருக்கான்னே சந்தேகமா இருக்குப்பா."

"என்ன செய்யண்ணே?"

"இறக்கி வேலை பாத்தா சீசன் முடிஞ்சிரும். வந்த வெலைக்குத் தள்ளி விட்டுரு."

தள்ளிவிட வெளியே போகவேண்டியிருக்கவில்லை. சங்கரபாண்டியனே வந்தார். "நம்ம குடும்பத்து வண்டி, வெளிய போகக் கூடாதுல்ல" என்று பெரிய மனசு பண்ணி, ஏறக்குறைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். பலவேசத்துக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. தேய்ந்த வண்டியை மச்சான் தலையில் கட்டுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"மச்சான், ஆயிலு…" என்று இழுத்தான்.

"எப்ப மாத்துன?"

"இன்னைக்குக் காலையில."

"அப்ப இனி அடுத்த தீபாவளிக்குப் பாத்துக்கலாம். நான் கம்பியவே தொடமாட்டேன் மாப்ள. பாத்தாத்தான வருத்தம்."

வண்டி ஒரே சாவியில் எழுந்தது. துளிப் புகை இல்லை. சங்கரபாண்டியன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு மெயின் ரோட்டில் ஏறிப் போனார். போகிற வண்டியின் சத்தம் சீராகத்தான் இருந்தது. சாகப்போகிற வண்டி இப்படி ஓடுகிறதே என்று பலவேசம் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவன் கையில் மிஞ்சியது அன்று காலையில் கொடியிலிருந்து எடுத்த துணி ஒன்றுதான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. மாரிச்செல்வியும் வெள்ளைத்தாயும் இறங்கினார்கள்.

"என்னங்க, இங்கன உக்காந்திருக்கீக? வண்டி எங்க?"

பலவேசம் தோளில் கிடந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒங்க அண்ணன்கிட்டக் குடுத்துட்டேன். இன்ஜின் போச்சு புள்ள. உள்ள பூரா தேஞ்சு வெள்ளி வெள்ளியா வருது. ஒங்கிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

மாரிச்செல்வி சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை.

"அப்ப தீபாவளிக்கப்புறமும் நான் போகணும்" என்றாள்.

"ஆமா."

"சரி. எந்திரிங்க. வந்து சாப்பிடுங்க."

அந்தச் சரியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் பார்க்கிறதே என்றும் பாராமல் விசும்பி அழுதான். தோளில் கிடந்த துணியை எடுத்து நெற்றி, கண், கன்னம் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

அவனைத் தேற்ற ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நின்ற வெள்ளைத்தாய், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"என்னண்ணே, நீங்களும் எங்க மத்தாப்பு செட்டுக்கு வேலைக்கு வந்துட்டீகளா? மாரிச்செல்வி அலுமினியப் பவுடர் சலிக்கையில மூக்குல கட்டுற துணியாச்சே அது, எத்தன தண்ணியில அலசினாலும் அதுல இருக்கிற வெள்ளி தொட்ட எடத்துல எல்லாம் ஒட்டிக்கிருமே."