வெள்ளவத்தையில் ஒரு வேடர்

கிருபாகரன் இனிமேல் வேடர். ஒரு காலை, இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவில், மனைவி சுபாஷினியிடம் இதைப் பிரகடனம் செய்தார்.

கனடாவில் தாயோடு இருக்கும் அவள் தம்பி திலக்ஷன் அழைத்திருந்தான்: "அத்தான், நவம்பரில வாங்கோ. மான் சுடப் போவம்." அதுவரை கிருபாகரன் சுட்டது தோசை மட்டும். அதுவும் கருகியது.

கிராண்ட்பாஸில் களஞ்சியம் வைத்திருக்கும் நண்பர் அஷ்ரப், அங்கே காகம் விரட்டும் காற்றுத் துப்பாக்கியை இரவல் தந்தார். மொட்டை மாடியில் பால்மா டின் ஒன்று மானாக நின்றது. முதல் குண்டு தண்ணீர்த் தாங்கியைத் துளைத்தது.

"மான் தப்பிட்டுது," என்றாள் சுபாஷினி. "ஐஞ்சு மாடிக்குத்தான் தண்ணி இல்லை."

"நக்கல் பண்ணாதையும். மூச்சைப் பிடிச்சுச் சுடவேணும். இப்பதான் பிடிபடுது."

"மூச்சைப் பிடிச்சால் மட்டும் காணுமே? விசா கிடைக்க வேணாமே? கதிரேசன் கோயிலில நேர்த்தி வையுங்கோ. விசா வந்தால் இந்தமுறை கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் எண்டு."

மனைவியே வேட்டைக்குத் துணை நிற்கிறாள்! அவருக்கு நெஞ்சு நிறைந்தது. நேர்ந்தார். விசா வந்தது. டின்னும் அடிக்கடி விழத் தொடங்கியது. வெள்ளவத்தை வெயிலில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, வியர்த்து வடிய வடியக் குறிபார்த்தார். பரம சந்தோஷம்.

பிறகுதான் திலக்ஷன் வேட்டைத் திகதிகளை அனுப்பினான். கிருபாகரன் துப்பாக்கியும் கையுமாகக் கலண்டரைப் பார்த்தார். சஷ்டி ஆறு நாளும் அதே கிழமைக்குள்.

"சுபா, விரதத்தில மச்சம் மாமிசம் தின்னத்தானே கூடாது? நான் சுட மட்டும் செய்யிறன்."

"வள்ளியம்மையைப் பெத்தது ஆர்?"

கிருபாகரன் புராணம் கரைத்துக் குடித்தவர். வாய் முந்திக்கொண்டது. "ஒரு மான்."

"அப்ப மான் முருகனுக்கு என்ன முறை?"

துப்பாக்கி மெல்லக் கீழே இறங்கியது. "மாமி."

"சஷ்டி விரதம் இருந்துகொண்டு முருகன்ர மாமியைச் சுடப் போறீங்களோ?"

"அப்ப நான் கனடாவுக்குப் போய் என்னத்தைச் செய்யிறது? டிக்கெட்டும் எடுத்தாச்சு!"

"அம்மாவுக்கு அந்தக் குளிருக்குள்ள தனியக் கோயிலுக்குப் போகப் பயம். தம்பி வேட்டைக்குப் போயிடுவான். திகதியை அவனிட்ட முதலே கேட்டுப்போட்டுத்தானே உங்களை நேர வைச்சனான். ஆறு நாளும் உங்கட மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வேடர் குல்லாயைக் கழற்றினார்.

"அதைக் கவனமா வையுங்கோ," என்றாள் சுபாஷினி. "கோயில் வாசலில செருப்புக்குக் காவல் நிக்கேக்க குளிரும்."