பக்கத்தில் பக்கத்தில் நிற்பது குறித்து

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது.

நானும் உன் அக்காவும் இனி முன்னும் பின்னுமாக நிற்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்பது என்று கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு முடிவு செய்யப்பட்டது. அவசரத்தில் எடுத்த முடிவல்ல. மற்றபடி இங்கு அனைவரும் நலம். நிற்க.

எங்கள் குடியிருப்பின் பின்புறம் உள்ள பேட்மிண்டன் தளத்தில் இதுவரை அவள் வலையருகிலும் நான் பின்னாலும் நின்று ஆடினோம். அது தாக்குகிறவர்களுக்கான நிலை. உயரே வருவதை நான் ஓங்கி அடிப்பேன், திணறித் திரும்புவதை அவள் வலையோரம் தட்டிவிடுவாள். கோட்பாட்டில் குறையில்லை. நடைமுறையில் நான் ஓங்கி அடித்தவை பெரும்பாலும் அவள் பின்தலையோடு நின்றுவிட்டன. முதல் மாடிப் பல் மருத்துவரும் அவர் மனைவியும் இதைக் கவனித்து எனக்கு உயரமாகவே அனுப்பினார்கள். மூன்று தடவை தோற்றோம். நான்காவது தடவையும் தோற்றால் மருந்துக் கடைக்காரரோடு ஜோடி சேர்ந்து ஆடப்போவதாக உன் அக்கா அறிவித்தாள். முப்பத்தோரு வருடங்களில் அவள் எத்தனையோ எச்சரிக்கைகள் விடுத்திருக்கிறாள், மாற்று ஆளைக் குறிப்பிட்டது இதுவே முதல்.

பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் பின்தலை பிழைத்தது. ஆனால் பல் மருத்துவர் இடுக்கைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர். பயிற்சி ஆட்டத்தில் எல்லாப் பந்தையும் எங்கள் இருவருக்கும் நடுவே போட்டார்.

"ஏங்க, அது உங்களுதுதானே?"

"உன் கைப்பக்கம்தானே வந்துச்சு?"

"வந்தா நீங்க எடுக்கக் கூடாதா?"

அடுத்த பந்துக்கு இருவரும் பாய்ந்து மட்டைகள் மோதின. அதற்கடுத்ததற்கு இருவரும் மரியாதையாக விலகினோம். "பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்கக்கா, அவசரமில்லை" என்றாள் மருத்துவரின் மனைவி.

நில அளவையராக முப்பத்து நான்கு வருடங்கள் ஊரார் எல்லைத் தகராறைத் தீர்த்தவன் சும்மா இருக்க முடியுமா? அதே பல் மருத்துவர் ஜோடியோடு குடியிருப்பின் தம்பதியர் போட்டி நடந்த அன்று விடியற்காலையில் அளவு நாடாவோடு போய், எங்கள் பாதியை இரண்டாகப் பிரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். தளத்தில் ஏற்கெனவே நடுக்கோடு உண்டே என்பாய். அது சர்வீஸுக்கானது, குடும்பத்துக்கானது அல்ல. அவள் வேகமாக ஓடுபவள் என்பதால் என் பக்கத்திலிருந்து அரை மீட்டர் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். "குடுக்குறீங்களா, இல்ல என் தலையில கட்டுறீங்களா?" என்றாள்.

முதல் ஆட்டத்தில் பந்து வரும்போதெல்லாம் நாங்கள் பந்தை விட்டுக் கோட்டைப் பார்த்தோம். ஒன்பதுக்கு இருபத்தொன்று என்று தோற்றோம். ஒரு ஆட்டம் முடிந்தால் பக்கம் மாற வேண்டும் என்பது கோடு போடும்போது எனக்குத் தோன்றவில்லை. மாறினோம். கோடு இப்போது அவர்களுக்குப் போய்விட்டது.

நான் நடுவே ஒரு பந்தைப் போட்டேன். மருத்துவர் கீழே பார்த்தார். "கோட்டுக்கு அந்தப் பக்கம்மா, உன்னுது."

"எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய இடம்? யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

"நான் எங்கம்மா பிரிச்சேன்? சார் போட்ட கோடு!"

"அதானே, யாரோ போட்டா தலையாட்டுவீங்க, நான் சொன்னா மட்டும் காதுல ஏறாது."

அந்த ஆட்டம் எங்களுக்கு. மூன்றாவதற்கு அந்த அம்மாள் மட்டையை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வெற்றி! திரும்பும் வழியில் உன் அக்கா என் மட்டையையும் சேர்த்துத் தூக்கி வந்தாள். "பரவாயில்லை" என்றுகூடச் சொன்னாள். அந்தச் சொல்லை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தபடியே இரண்டு மாடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை.

ஆகவே தம்பதியர் ஆட்டத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே உகந்தது. நீயும் உன் மனைவியும் தயங்காமல் பின்பற்றலாம். உங்கள் முழங்கால்களும் இல்லறமும் பல்லாண்டு உறுதியாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அடுத்த மாதப் போட்டியில் மகளிர் இரட்டையர் பிரிவுக்கு உன் அக்காவும் பல் மருத்துவரின் மனைவியும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆடவருக்குப் பெயர் கொடுக்க நாளை கடைசி நாள்.