கன்னியாவில் முழுகிப் பொம்பிளை பார்க்கப் போனது

ஒரு ஊருக்கு முதல்முதல் போகிறவன் அந்த ஊர்ச் சனத்திடம் நாலு கதை கேட்டுவிட்டுப் போகவேண்டும். நானோ அந்த ஊரைக் கண்ணாலும் காணாத ஆட்களிடமெல்லாம் கேட்டுவிட்டுப் போனேன். என் கலியாணம் குழம்பப் பார்த்தது அதனால்தான்.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை வருடா வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். (ஆனையிறவுக்கு அங்காலே நான் போனதே இல்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.)

எனக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சாதகமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா எனக்காக விரதம் பிடித்துப் பிடித்தே பாதியாகிப் போனா. கடைசியில் பொருந்தி வந்தது ஒரேயொரு சாதகம். திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த ஒருவரின் மகள், இந்திராணி. இதுவும் தட்டிப்போனால் இனித் தன்னிடம் வரவேண்டாம் என்று சாத்திரியாரே கையை விரித்துவிட்டார்.

அம்மாவுக்கு உயிர் போகிற கவலை. எனக்கோ, முதல்முறையாகத் திருகோணமலை பார்க்கப் போகிற புளுகம். ஒரு மாதமாக அவரையும் இவரையும் விசாரித்துத் திட்டம் போட்டேன். முதலில் கன்னியா வெந்நீர்க் கிணறு, பிறகு துறைமுகம், பிறகு பொம்பிளை, பிறகு கோணேசர் கோயில், வெய்யில் தாழக் கடற்கரை. அம்மாவின் தம்பியை நாங்கள் அம்மான் என்போம். கார் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான்.

“நீ பொம்பிளை பாக்கப் போறியோ, ஊர் பாக்கப் போறியோ?” என்று அம்மான் கேட்டார்.

இரண்டும்தான் என்றேன், வெட்கமில்லாமல்.

விடியப் புறப்பட்டோம். வவுனியா கழிந்து கிழக்கே திரும்பினதும் செம்மண் புழுதி. கண்ணாடியைத் திறந்தால் புழுதி, பூட்டினால் அவிச்சல். யானைக்குப் பயந்து அம்மான் ஓரிடத்திலும் காரை நிற்பாட்டவில்லை. கன்னியாச் சந்திக்கு வந்தபோது அம்மாவின் வெள்ளைச் சேலை காவியாகி இருந்தது. நான் மாப்பிள்ளை மாதிரி இல்லை, செங்கல் சூளையிலிருந்து இறக்கின சாமான் மாதிரி இருந்தேன். இந்தக் கோலத்தில் சம்பந்தி வீட்டுப் படி ஏற ஏலாது என்று அம்மாவே சொன்னா. என் திட்டத்தின் அருமையை எல்லோரும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள்.

ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றையும் விடாமல் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினேன். பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒருவர் நின்றார். நேர்த்திக்கு மொட்டை போட்டிருக்கிறார் என்று நினைத்து, பொம்பிளை பார்க்கப் போகிறோம் என்று அவரிடம் சந்தோசமாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மாவுக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்களுக்குப் பழக்கம் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணி. அங்கே செத்தவீட்டுக் கடமை செய்கிறவர்களும் முழுகுவார்கள், சும்மா போகிற நாங்களும் முழுகுவோம், முழுகிவிட்டு வடை வாங்கித் தின்போம். கன்னியாவையும் அதே கணக்கில் போட்டுவிட்டோம்.

பொம்பிளை வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, எல்லாம் முறையாக வைத்திருந்தார்கள். நாங்கள் இறங்கினோம். என் தலையால் தண்ணீர் வடிகிறது. அம்மா ஈரக் கூந்தலை விரித்துவிட்டபடி, மாற்றிக் கட்டின வெள்ளைச் சேலையில். கார்க் கதவில் என் ஈர வேட்டி காய்கிறது.

பொம்பிளையின் தகப்பன் கைகூப்பிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். பயணம் எப்படி என்று கேட்டார். நல்ல பயணம், வழியில் கன்னியாவில் முழுகிவிட்டு வருகிறோம் என்று நான் பெருமையோடு சொன்னேன். சொன்னதுதான் தாமதம், அவருடைய தமக்கை அன்னம்மா மாமி வந்து நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. பின்னாலே பலகாரத் தட்டமும் குசினிக்குத் திரும்பிப் போனது. (பயத்தம் பணியாரம். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.)

எங்களைக் கதிரையில் இருத்தினார்கள். தகப்பன் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, ஆர் மோசம் போனது?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மனிதர் கேட்கிறார், பதில் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் செத்தது யார் என்று யோசித்தேன்.

“அப்பா” என்றேன்.

மாமி நெஞ்சில் கையை வைத்தா. “ஐயோ, எப்ப?”

“நான் ஆறாம் வகுப்புப் படிக்கேக்க.”

தகப்பனும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் கூவினது கேட்டது. என் பூமிசாஸ்திர வாழ்க்கையில் நான் கேட்ட முதல் கப்பல். அதைக்கூட ரசிக்க விதியில்லை.

பிறகு மாமிதான் விளங்கப்படுத்தினா. செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் கன்னியாவில் கடமை செய்து முழுகுவது அவர்கள் வழக்கம். நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டவர்கள் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். இன்றைக்கு ஒன்றும் பேசவேண்டாம், அபசகுனம், பிறகு பார்ப்போம் என்றா. ‘பிறகு பார்ப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். அம்மா தலையைக் குனிந்தபடி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. என் ஊர் பார்க்கிற ஆசையால் அம்மாவின் அத்தனை விரதமும் வாளித் தண்ணியோடு போய்விட்டதே என்று அழுகை வந்தது.

அந்த நேரம் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“மாமி, கடலுக்குத் தீட்டில்லை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். ஒருக்காக் கடலில முழுகினால் சரிதானே?”

பொம்பிளை வாய் திறந்ததே தவறு, அதிலும் மாமிக்கு மாமியின் கதையையே எடுத்துச் சொன்னது பெருந்தவறு. ஆனால் மாமியால் இல்லையென்று சொல்ல ஏலவில்லை. தகப்பன் உடனே சால்வையை உதறித் தோளில் போட்டார். வாரும் தம்பி என்று என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலடிக் கடலுக்குக் கூட்டிப்போனார்.

கேணியில் முழுகிப் பழகினவன் நான், கடலில் இறங்கினதே இல்லை. முதல் அலைக்கே கால் வழுக்கினது. அவர் என்னைவிட ஒரு சாண் கட்டை. அந்த மனிசன் இரண்டு கையாலும் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“பயப்பிடாதையும், நான் பிடிச்சிருக்கிறன்.”

மகளைத் தரமாட்டேன் என்று சொல்ல நல்ல சாட்டு அவர் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். இதற்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை.

கொண்டுவந்த உடுப்பெல்லாம் ஈரம். இடுப்பில் கட்டத் தன்னுடைய சாரத்தைத் தந்தார். அது எனக்கு முழங்காலைத் தாண்டக் கொஞ்சம் யோசித்தது. அம்மாவுக்குக் கடல் தண்ணி கொண்டுவந்து மாமி தன் கையாலேயே தெளித்தா. நிறைகுடம் வாசலுக்குத் திரும்பி வந்தது. பணியாரமும் வந்தது. பிறகு இந்திராணி தேத்தண்ணியோடு வந்தா. குனிந்த தலை நிமிராமல் வந்தபடியால் முதலில் கண்டது என் முகத்தை இல்லை, தகப்பனின் சாரத்தையும் அதற்குக் கீழே என் கெண்டைக்காலையும்தான். தட்டம் ஆட ஆடச் சிரித்தா. அந்தச் சிரிப்பைக் கேட்ட கையோடு அம்மான் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டாலும், “வழியில எங்க முழுகப் போறியள்?” என்று மனைவி கேட்பா. இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒரு கலியாணவீட்டுக்குக்கூட என்னால் தலை ஈரத்தோடு போக ஏலாது.

எழுபதுகளின் கடைசியில் என் மாமனார் மோசம் போனார். முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குப் போனோம். அன்னம்மா மாமிக்கு அப்போது கண் மங்கி, நடையும் தளர்ந்து போயிருந்தது. ஆனாலும் வாளியைத் தான்தான் பிடிப்பேன் என்று நின்றா. நான் அழுதுகொண்டு குனிந்தேன். என் தலையில் வெந்நீரை ஊற்றிவிட்டு மாமி சொன்னா:

“இப்பதான் தம்பி, நீர் முறையா வந்திருக்கிறீர்.”

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த இந்திராணி, அந்த ஈர முகத்தோடு வெடித்துச் சிரித்தா. அது தேத்தண்ணித் தட்டத்தோடு நின்று சிரித்த அதே சிரிப்பு. மாமா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். அன்றைக்கு நான் உடுத்திருந்தது அவருடைய அந்தச் சாரம்தான்.